பி.எம்.பி. சான்றிதழ்: எடுக்கலாமா, எப்போது எடுக்கலாம்?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டதால் இந்தக் காலாண்டு இதழில் தரப்படுகிறது.)



நான் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். புராஜெக்ட் மேனேஜர் என்று என் பெயருக்குப் பக்கத்தில் எந்தக் காலத்திலும் போட்டதில்லை. பிறகு ஏன் இந்தத் தலைப்பில் இவர் பேசுகிறார் என்று நீங்கள் கேட்பது நியாயம். இரண்டு காரணம். போன மூன்று மாதத்தில் நம் வளாகத்திலேயே நான்கு வீடுகளிலிருந்து என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "சார், பையன் பி.எம்.பி. படிக்கணும்கிறான், நிறையப் பணம் கேக்கறாங்க, கட்டலாமா?" இரண்டாவது, நம் சங்கம் வெளிப்பூச்சு வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்கப்போகிறது. வருகிற கம்பெனிகளில் பாதி, "எங்களிடம் சான்றிதழ் பெற்ற புராஜெக்ட் மேனேஜர் இருக்கிறார்" என்று எழுதிக்கொண்டு வரும். அந்த வரிக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். போகிற பணம் நம் கார்ப்பஸ் ஃபண்ட்.

முதலில் பி.எம்.பி. என்றால் என்ன. புராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொஃபஷனல் என்பதன் சுருக்கம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 1969-ல் தொடங்கிய புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட், சுருக்கமாக பி.எம்.ஐ., 1984 முதல் இந்தத் தேர்வை நடத்துகிறது. இங்கிலாந்து வழியில் வந்த பிரின்ஸ்-2 என்று இன்னொன்றும் உண்டு. நம் ஊர் ஐ.டி. கம்பெனிகளில் அதிகம் கேட்பது பி.எம்.பி. என்பதால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

இது கல்லூரியில் சேர்ந்து படித்து வாங்கும் பட்டம் அல்ல. ஏற்கெனவே வேலையை நடத்திக் காட்டியவர்களுக்கு வைக்கும் தேர்வு. பட்டதாரி என்றால் 36 மாதம், பட்டம் இல்லாதவர் என்றால் 60 மாதம், திட்டங்களை முன்நின்று நடத்திய அனுபவம் காட்ட வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு திட்டம் பார்த்திருந்தாலும் அது ஒரு மாதம்தான். அதோடு 35 மணி நேரம் வகுப்பில் படித்ததற்கான அத்தாட்சி வேண்டும். வீட்டில் நாமே புத்தகத்தைப் புரட்டியது இந்த 35-ல் சேராது. 2021-ல் தேர்வை மாற்றியமைத்தபோது 180 கேள்வி, 230 நிமிடம் என்று வைத்தார்கள். தேர்வு அமைப்பு அவ்வப்போது மாறும், ஆகவே விண்ணப்பிக்கும் முன் பி.எம்.ஐ. தளத்தில் உள்ள கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் என்று அவர்கள் வெளியிடுவதில்லை. பாஸ் செய்த பிறகும் முடியவில்லை. மூன்று ஆண்டுக்குள் 60 புள்ளிகள் அளவுக்குத் தொடர்ந்து படித்தும் பணி செய்தும் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள்.

நம் வங்கிக்காரர்களுக்கு இது புரிவது எளிது. எங்களுக்கு ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்று தேர்வுகள் உண்டு. 1928-ல் ஆரம்பித்த இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கர்ஸ் நடத்தியது. இப்போது பெயர் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கிங் அண்ட் ஃபைனான்ஸ். முதல் தேர்வு பாஸ் செய்தால் கிளார்க்குக்கு ஒரு இன்கிரிமென்ட், இரண்டாவதற்கு இன்னும் இரண்டு. இது ஒப்பந்தப்படி வருவது. மேனேஜருக்கு என்னைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அடுத்த சம்பளத்தில் ஏறிவிடும். அதனால்தான் கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து படித்தோம்.

பி.எம்.பி.க்கு அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. இதைத்தான் பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டும். பாஸ் செய்த மறுமாதம் சம்பளம் தானாக ஏறாது. கம்பெனி ஏற்றினால் உண்டு. அல்லது வேறு கம்பெனிக்கு மாறும்போது பேரம் பேச உதவும். "பி.எம்.பி. வைத்திருப்பவர்களுக்குச் சம்பளம் அதிகம்" என்று பி.எம்.ஐ. தானே சம்பளக் கணக்கெடுப்பு நடத்தி வெளியிடுகிறது. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் காமர்ஸ் படித்தவன் ஒரு கேள்வி கேட்பான். மூன்று ஆண்டு திட்டம் நடத்தியவர்தான் தேர்வே எழுத முடியும். அப்படி நடத்தும் அளவுக்கு வளர்ந்தவருக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் சம்பளம் ஓரளவு அதிகமாகத்தானே இருக்கும்? அதில் எவ்வளவு ஆளின் தகுதிக்கு, எவ்வளவு சான்றிதழுக்கு என்று பிரிக்காமல் மொத்தத்தையும் சான்றிதழ் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. இன்னொன்று, சரக்கு விற்பவரே தராசும் பிடிக்கிறார்.

ஆகவே நீங்களே கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, வகுப்பு, தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்ந்து 80,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வரி போகக் கையில் மாதம் 5,000 கூடுதலாக வந்தால் 16 மாதத்தில் போட்டது திரும்பும். 2,000 தான் கூடும் என்றால் 40 மாதம், அதற்குள் புதுப்பிக்கும் செலவு வந்துவிடும். கம்பெனியே கட்டணத்தைத் திருப்பித் தருமென்றால் யோசிக்கவே வேண்டாம், எழுதுங்கள். பல கம்பெனிகள் தருகின்றன. ஆனால் கேட்டால்தான் தருவார்கள். ஹெச்.ஆரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்க மகனுக்கு என்ன தயக்கமோ தெரியவில்லை, அப்பாவின் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்கச் சொல்லத் தயக்கமே இல்லை.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் வேலைக்கு ஆள் தேடும்போது, டெண்டர் ஆவணத்திலேயே இத்தனை சான்றிதழ் பெற்ற மேனேஜர்கள் வேண்டும் என்று போடுவது உண்டு. அங்கே சான்றிதழ் என்பது வாசலில் காட்டும் பாஸ். உள்ளே போன பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அது இல்லாமல் உள்ளே போக முடியாது. உங்கள் பையனோ பெண்ணோ அப்படிப்பட்ட டெண்டர்கள் வரும் பிரிவில் இருந்தால் சான்றிதழின் மதிப்பு உண்மையானது. உள்ளூர்ச் சிறு நிறுவனத்தில் முதலாளியோடு நேரடியாக வேலை செய்பவருக்கு அந்த மதிப்பு இல்லை.

படிப்பில் விஷயம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதை ஒரு கல்யாண வீட்டை வைத்துச் சொல்கிறேன். முகூர்த்த நாள் குறித்தாயிற்று. மண்டபம் கிடைத்தால்தான் பத்திரிகையில் இடம் போட முடியும். பத்திரிகை அச்சாகி வந்தால்தான் வெளியூர் அழைப்புக்குக் கிளம்ப முடியும். இது ஒரு சங்கிலி. இதில் ஒரு கண்ணி இரண்டு நாள் தள்ளினால் எல்லாமே இரண்டு நாள் தள்ளும். ஆனால் பெண்ணுக்கு பிளவுஸ் தைப்பது, நாதஸ்வரக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பது எல்லாம் பக்கத்தில் தனியாக ஓடும். நாலு நாள் முன்னே பின்னே ஆனாலும் முகூர்த்தம் தப்பாது. எது தள்ளினால் மொத்தமும் தள்ளுமோ அந்தச் சங்கிலிக்கு கிரிட்டிகல் பாத் என்று பெயர். 1957 வாக்கில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் இந்தக் கணக்கை வகுத்தார்கள். மறு ஆண்டு அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு பெர்ட் என்ற இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் இதை மனதிலேயே போட்டார்கள். ஆயிரம் வேலை, இருநூறு ஆள் என்று வரும்போது மனது போதாது, முறை வேண்டும்.

முறை என்ன செய்யும் என்பதை என் கிளையிலேயே பார்த்தேன். கோர் பேங்கிங் வந்த காலம். அதற்கு முன் கிளைக்குள்ளேயே ஓடும் கம்ப்யூட்டர். கணக்குகள் எல்லாம் எங்கள் கட்டடத்துக்குள். அதை மையக் கணினிக்கு மாற்ற வேண்டும். சேமிப்புக் கணக்கு, நகைக் கடன், லாக்கர் வாடகை, ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன், மாதிரிக் கையெழுத்து அட்டைகளை ஸ்கேன் செய்வது. ஒன்று விட்டுப்போனாலும் திங்கட்கிழமை கவுண்டரில் வாடிக்கையாளர் முன்னால் நாங்கள்தான் நிற்போம். மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பி.எம்.பி. வைத்திருந்தார். வந்த முதல் நாளே கிளை மேனேஜர் அறையில் உட்காராமல், கடைநிலை ஊழியர் வரை எல்லோரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். "இந்த மாற்றத்தால் யார் யாருக்குப் பாதிப்பு?" என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் எங்கள் ஹெட் கேஷியர் வாயைத் திறந்தார். சாதாரணமாகப் பேசாத மனிதர். "நீங்க குறிச்சிருக்கிற தேதிக்கு மறுநாள் பென்ஷன் நாள் சார். காலைல ஏழு மணிக்கே கிழவங்க வாசல்ல உக்காந்துடுவாங்க" என்றார். வட்டார அலுவலகம் ஒப்புதல் கொடுத்து, சுற்றறிக்கை வரை போயிருந்த தேதி அது. அந்த இளைஞர் உடனே தேதியைத் தள்ள மேலிடத்துக்கு எழுதினார். ஒன்பது நாள் தள்ளியது. மாற்றிய முதல் நாள் மதியம் வரை சிஸ்டம் தடுமாறத்தான் செய்தது, ஆனால் வரிசையில் பென்ஷன்காரர்கள் இல்லை. பக்கத்து ஊர்க் கிளை ஒன்றில் அப்படிக் கேட்காமல் பென்ஷன் நாளிலேயே மாற்றி, வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற ஒரு பெரியவர் மயங்கி விழுந்ததை அங்கே வேலை செய்த நண்பர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கவனியுங்கள். பென்ஷன் நாள் என்றைக்கு என்பது பி.எம்.பி. புத்தகத்தில் இல்லை. அது ஹெட் கேஷியருக்குத் தெரிந்தது. ஆனால் ஹெட் கேஷியரை உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருந்தது. எங்கள் கிளையில் அதற்கு முன் யாரும் அவரை எதற்கும் கேட்டதில்லை.

இப்போதைய தேர்வும் இந்த வகையில்தான் இருக்கிறது என்று எழுதிய பிள்ளைகள் சொல்கிறார்கள். வரையறையை ஒப்பிக்கச் சொல்வதில்லை. "வாடிக்கையாளர் உங்களைத் தாண்டி நேராக உங்கள் ஆளிடம் ஒரு புது வேலை சொல்லிவிட்டார், நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?" என்ற மாதிரிக் கேள்விகள். உடனே செய்து கொடுப்பதும் தவறு, முகத்தில் அடித்த மாதிரி மறுப்பதும் தவறு. அதனால் நாளும் பணமும் எவ்வளவு கூடும் என்று பார்த்துவிட்டு, முடிவெடுக்க வேண்டியவரிடம் வைப்பது சரி. நம் பி பிளாக்கில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் பெயின்டரை ஓரமாகக் கூப்பிட்டு "என் பால்கனிக்கு மட்டும் இன்னொரு கோட்டிங்" என்று சொன்னதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

சரி, சான்றிதழ் இருந்தால் வேலை ஒழுங்காக நடந்துவிடுமா? ஏ பிளாக் லிஃப்ட் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர் வேண்டாம். 45 நாளில் முடிப்போம் என்று கையெழுத்துப் போட்டார்கள், 78 நாள் ஆயிற்று. நான்காம் மாடியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகும் அம்மாவை நம் வாட்ச்மேனும் இரண்டு பிள்ளைகளும் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தக் கம்பெனியின் புராஜெக்ட் மேனேஜர் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் பெயருக்குப் பக்கத்தில் பி.எம்.பி. என்று இருந்தது. நம் பொருளாளர் சந்தேகப்பட்டு பி.எம்.ஐ. தளத்தின் பதிவேட்டில் தேடிப் பார்த்தார். பெயர் இருந்தது, சான்றிதழ் நடப்பில் இருந்தது. உண்மையான சான்றிதழ்தான்.

பின் எங்கே தவறியது? பழைய லிஃப்டைக் கழற்றிப் போட்ட பிறகுதான் புதிய கண்ட்ரோல் பேனலுக்கு அளவெடுத்தார்கள். பேனல் வர ஐந்து வாரம். எது தள்ளினால் மொத்தமும் தள்ளுமோ அதை முதலில் ஆர்டர் செய்ய வேண்டும் என்பது, மேலே சொன்ன கல்யாணக் கணக்கு. தமிழ்நாடு லிஃப்ட் சட்டம் 1997-ன்படி அரசு மின் ஆய்வுத் துறையின் உரிமம் வாங்க வேண்டும். அதற்கு ஆகும் நாளையும் அட்டவணையில் விட்டுவிட்டார்கள். இது தெரியாத ஆள் அல்ல அவர். நான் ஒரு நாள் பிடித்து உட்காரவைத்து விசாரித்ததில் சொன்னார்: அவர் தலையில் அப்போது ஒன்பது இடத்தில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. நம் வளாகத்துக்கு மொத்தம் இரண்டு தடவைதான் வந்தார். அட்டவணையைப் போட்டது அலுவலகத்தில் இருந்த ஒரு புதுப் பையன். அவருக்கு முறை தெரியும் என்று சான்றிதழ் சொன்னது, அது சரிதான். நமக்கு அவர் நேரம் ஒதுக்குவார் என்று அது சொல்லவில்லை.

ஆடிட்டர் கையெழுத்துப் போட்டால் 1949-ம் ஆண்டு சட்டப்படி அவர் அதற்குப் பொறுப்பு. வக்கீலுக்கும் டாக்டருக்கும் அப்படியே. பி.எம்.பி. இல்லாமல் திட்டம் நடத்தக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. அது விருப்பத்தின் பேரில் எடுப்பது. பி.எம்.ஐ.க்கு நன்னடத்தை விதிகள் உண்டு, மீறினால் சான்றிதழைப் பறிக்கலாம். ஆனால் நம் லிஃப்ட் தாமதத்துக்கு நஷ்ட ஈடு அங்கிருந்து வராது. அதற்கு நம் ஒப்பந்தத்தில் தாமத அபராதம் எழுதியிருக்க வேண்டும்.

சான்றிதழ் இல்லாத பெரியவர்களையும் மறக்க வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது, அதைச் சரிசெய்யும் பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் ரயில்வே பொறியாளரிடம் வந்தது. கடலில் விழுந்த கர்டர்களை மீட்டுப் பொருத்தி 46 நாளில் ரயிலை ஓடவைத்தார். பி.எம்.ஐ. அப்போது பிறக்கவே இல்லை. பிறகு கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ. அதைச் சொல்லி "பாருங்கள், சான்றிதழ் தேவையில்லை" என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீதரன் மாதிரி ஆள் கிடைத்தால் தேவையில்லைதான். கிடைக்காத மற்ற ஆயிரம் இடங்களுக்குத்தான் முறையும் தேர்வும் வேண்டியிருக்கிறது.

இனி பெற்றோருக்கு. படிப்பை முடித்து ஓராண்டு கூட ஆகாத பிள்ளைக்கு பி.எம்.பி. வகுப்பில் பணம் கட்டாதீர்கள். தேர்வு எழுதவே தகுதி வராது. "அனுபவத்தை நாங்கள் எழுதித் தருகிறோம் சார்" என்று சில வகுப்புக்காரர்கள் சொல்வார்கள். அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பங்களில் சிலவற்றை பி.எம்.ஐ. தணிக்கைக்கு எடுக்கும், மேலதிகாரியின் கையெழுத்தோடு அனுபவத்தை நிரூபிக்கச் சொல்லும். கட்டிய பணம் போவது சிறிய விஷயம், பொய்யான அனுபவம் எழுதினார் என்ற பெயர் இருபத்து மூன்று வயதில் வேண்டாம். "நூறு சதவீதம் பாஸ்", "அதே கேள்விகள் வரும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதும் இதே ரகம். நம் வளாகக் குழுவிலேயே இரண்டு வந்திருக்கிறது. இளம் பிள்ளைகளுக்கு சி.ஏ.பி.எம். என்று அதே பி.எம்.ஐ. நடத்தும் சிறிய தேர்வு உண்டு, அனுபவம் கேட்பதில்லை, 23 மணி நேர வகுப்பு போதும். அதற்கும் அவசரப்பட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதலில் ஒரு வேலையில் நுழைந்து, ஒரு சின்னத் திட்டத்தின் நாட்குறிப்பையாவது எழுதிப் பழகட்டும்.

ஐந்தாறு ஆண்டு அனுபவம் உள்ளவர், குழுவை நடத்துபவர், அடுத்த படிக்குப் போக நிற்பவர் என்றால் நான் எழுது என்பேன். நாலு மாதம், வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கினால் முடியும். நடத்திய திட்டங்களின் தேதிகள், யாரிடம் வேலை செய்தோம் என்ற விவரங்களை இன்றைக்கே ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வேலை மாறிய பிறகு பழைய மேனேஜரைத் தேடிப் பிடிப்பது பெரும் பாடு. ஒன்று இங்கே சொல்ல வேண்டும்: குழந்தை பிறந்து மூன்று நான்கு ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு இந்தச் சான்றிதழ் மற்றவர்களைவிட அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். "நடுவில் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் கையில் இருக்கும். முன்பு பார்த்த வேலையின் மாதங்களைக் கணக்கில் காட்ட முடியுமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கடைசியாக வெளிப்பூச்சு டெண்டர். சான்றிதழ் பெற்ற மேனேஜர் இருக்கிறார் என்று எழுதும் கம்பெனிக்கு அதற்காக நான் ஒரு மதிப்பெண் கொடுப்பேன், பதிவேட்டில் பெயர் இருந்தால். அடுத்த கேள்விகளுக்குத்தான் மீதி மதிப்பெண். அந்த மேனேஜர் கையில் இப்போது எத்தனை இடத்தில் வேலை இருக்கிறது? வாரத்தில் எந்த நாள் இங்கே நிற்பார்? சாரம் கட்டும் நாட்களில் கீழ்த்தள வீட்டுப் பெரியவர்கள் எந்த வழியாக வெளியே போவார்கள் என்று அவருடைய அட்டவணையில் இருக்கிறதா? விரிசல் அடைப்பு எத்தனை அடி, அதற்கு மேல் போனால் யார் கையெழுத்தில் கூடுதல் பணம்? இந்த நான்கையும் டெண்டர் படிவத்திலேயே சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு வேறு தோன்றினால் இம்மாதக் கடைசிக்குள் சங்க அறையில் உள்ள நோட்டில் எழுதிவையுங்கள். பி.எம்.பி. விண்ணப்பத்தில் அனுபவப் பகுதியை எப்படி நிரப்புவது என்று கேட்பவர்களுக்கு, சி பிளாக்கில் தேர்வு எழுதி முடித்த ஒரு தம்பி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு உட்காரச் சம்மதித்திருக்கிறார். நோட்டும் பழைய பணி நியமனக் கடிதங்களும் கொண்டு வாருங்கள்.